மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்த பிறகு ராத்திரியில் கால் குடைச்சல்: மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அம்மாவுக்கு 54 வயது. பல்லடம் பக்கம் வீட்டோடு தறி ஓட்டுகிறீர்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் மனச்சோர்வு என்று சொல்லி, ராத்திரிக்கு மிர்டாசபின் 15 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சாப்பாடு இறங்குகிறது, அழுகை நின்றிருக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறார். ஆனால் மூன்று வாரமாகப் படுத்த கொஞ்ச நேரத்திலேயே “காலுக்குள்ள எதோ குடையுது, ஒதறிட்டே இருக்கோணும் போல இருக்குது” என்று எழுந்து ஒரு மணி வரைக்கும் வாசலில் நடக்கிறார். மெடிக்கலில் கேட்டதற்கு அவில் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள், அதைப் போட்ட ராத்திரி குடைச்சல் அதிகமாகத்தான் இருந்தது. சொந்தபந்தம் எல்லாம் மாத்திரைச் சூடு என்கிறார்கள். டாக்டரிடம் அடுத்த முறை போவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்தலாமா கூடாதா என்பதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. மனசு தெளிய வேண்டுமானால் காலை இப்படியே விட்டுவிட வேண்டுமா, காலைச் சரி பண்ண வேண்டுமானால் மறுபடியும் அந்தப் பழைய இருட்டுக்குள் போக வேண்டுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்கு உறுதியாகவே பதில் சொல்லலாம்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வருவதில்லை. ஈரோடு, திருப்பூர் பக்கம் மனநல மருத்துவராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இந்தத் தொந்தரவு எனக்குப் பழக்கமானது. வழி இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவை நான் நேரில் பார்த்ததில்லை, ரத்தப் பரிசோதனை எதுவும் என் கையில் இல்லை. அதனால் நான் சொல்லப்போவதை அவருடைய டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது என்பதற்கான துணையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விவரித்த அடையாளங்கள் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆர்.எல்.எஸ்., என்ற தொந்தரவோடு நன்றாகப் பொருந்துகின்றன. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் வருகிறதா, அதோடு குடைச்சலோ ஊறலோ இருக்கிறதா? உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது ஆரம்பிக்கிறதா அல்லது கூடுகிறதா? எழுந்து நடந்தால், காலை நீட்டி மடக்கினால், அசைக்கிற வரைக்குமாவது குறைகிறதா? பகலைவிடச் சாயங்காலமும் ராத்திரியும் அதிகமா? இந்த நான்குக்கும் ஆமாம் என்று பதில் வந்து, குரக்களி என்கிற சதைப்பிடிப்பு, மூட்டுவலி, காலில் வீக்கம், ஒரே பக்கமாகப் படுத்ததால் மரத்துப்போவது மாதிரி வேறு காரணங்களும் இல்லை என்றால் அது ஆர்.எல்.எஸ். தான். வருகிறவர்கள் இதைப் பல விதமாகச் சொல்வார்கள். எலும்புக்குள் எறும்பு ஊறுகிறது என்பார் ஒருவர், கெண்டைக்கால் சதைக்குள் நமநமவென்று இருக்கிறது என்பார் இன்னொருவர். வலி என்று சொல்கிறவர்கள் குறைவு. “வலி இல்லீங்க, ஆனா வெச்சிருக்க முடியல” என்றுதான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

நம் ஊரில் இதை வேறு எதோடெல்லாம் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியிலும் தறிக்குடோனிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு நரம்பு சுருட்டல் சாதாரணம். அதில் நின்றால்தான் வலி கூடும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் குறையும். ஆர்.எல்.எஸ். இதற்கு நேர் எதிர். குரக்களி என்றால் சதை கல் மாதிரி இறுகும், தொட்டாலே தெரியும், சில நிமிடங்களில் விட்டுவிடும். சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல் பகலிலும் இருக்கும், நடந்தால் உடனே அடங்கிவிடாது. சர்க்கரையும் ஆர்.எல்.எஸ்ஸும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான குழப்பம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அகத்தீசியா. இதிலும் ஆள் ஓரிடத்தில் உட்கார மாட்டார், நடந்துகொண்டே இருப்பார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் அகத்தீசியா காலோடு நிற்பதில்லை. உள்ளுக்குள்ளிருந்து கிளம்பும் தவிப்பு அது, உடம்பு முழுக்க இருக்கும். காலை பத்து மணிக்கும் இருக்கும், மத்தியானம் மூன்று மணிக்கும் இருக்கும். நின்ற இடத்திலேயே ஒரு காலை மாற்றி ஒரு காலை வைப்பார்கள், உட்கார்ந்தால் எழுந்துகொள்வார்கள். “உசுரே தவிக்குது” என்பார்கள். நடந்தாலும் முழு நிம்மதி கிடைக்காது. பெரும்பாலும் மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளால் வருவது இது. மனச்சோர்வு மாத்திரைகளாலும் சில சமயம் வரும். செக் நாட்டு மருத்துவர் ஹாஸ்கோவெட்ஸ் 1901-லேயே இந்த நிலைக்குப் பெயர் வைத்துவிட்டார், இந்த மருந்துகள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே.

வீட்டில் இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காலையில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு படி சின்ன வெங்காயத்தை நிதானமாக உரிக்கிறாரா, நிலக்கடலைக்குத் தொலி எடுக்கிறாரா என்று கவனியுங்கள். பகலில் அது முடிகிறது, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு மேல்தான் கால் கேட்க மாட்டேன் என்கிறது என்றால் ஆர்.எல்.எஸ். பக்கம் சாயலாம். பகலிலும் அரை நிமிடம் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து போகிறார் என்றால் அகத்தீசியாவை நினைக்க வேண்டும். சாயங்கால பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் வரும்போது காலை வைக்க இடமில்லாமல் தவித்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆர்.எல்.எஸ். கொஞ்சம் முற்றியவர்களுக்கு நீண்ட பஸ் பயணம் பெரிய கொடுமை.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதுதான். மிர்டாசபினையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவில் அது அகத்தீசியாவைக் குறைக்கும் மருந்துகளில் ஒன்று, அதற்காகவே சில நேரம் எழுதுகிறோம். அதே மிர்டாசபின்தான் ஆர்.எல்.எஸ்ஸைக் கிளப்பிவிடும் மனச்சோர்வு மாத்திரைகளில் முதலிடத்தில் இருக்கிறது. அகத்தீசியாவுக்கு ப்ரொப்ரனலோல் பயன்படும், ஆர்.எல்.எஸ்ஸுக்கு அது மருந்தில்லை. ஆக, “ராத்திரி தூங்காம நடக்கறாங்க” என்று மட்டும் போய்ச் சொன்னால் டாக்டருக்கு எதுவும் விளங்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த ஒரு வரியை வைத்து நோய் இன்னும் அடங்கவில்லை, தூக்கமும் பதட்டமும் சரியாகவில்லை என்று முடிவு செய்து, 15 மி.கி. இருந்ததை 30 ஆக்கிவிடுவார்கள். கால் இன்னும் மோசமாகும், தூக்கம் இன்னும் கெடும், மறுபடியும் மாத்திரை கூடும். இப்படி மாத்திரை மேல் மாத்திரையாகச் சேர்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரிடமும் “கால் எப்போதிலிருந்து, எந்த நேரத்தில்” என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இரண்டு நிமிடம் கேட்டால் தெரிந்துபோகிற விஷயம் இது.

இந்த மாத்திரையால்தான் வந்தது என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? மிர்டாசபினைப் பொறுத்தவரை நன்றாகவே. 2008-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், புதிய தலைமுறை மனச்சோர்வு மருந்துகளை ஆரம்பித்த 271 பேரைக் கவனித்தார்கள். மொத்தத்தில் 9% பேருக்கு ஆர்.எல்.எஸ். புதிதாக வந்தது, அல்லது ஏற்கனவே இருந்தது கூடியது. மிர்டாசபின் எடுத்தவர்களில் மட்டும் அது 28%. ஒவ்வொரு மருந்துக்கும் பிரித்துப் பார்த்தால் ஆட்கள் குறைவுதான், ஆகவே அந்த 28 என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை, நாங்கள் வெளிநோயாளி பிரிவில் பார்ப்பதும் அதுதான். மாத்திரை ஆரம்பித்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ வருவது இதன் வழக்கம். உங்கள் அம்மாவின் கணக்கும் அதற்குள் அடங்குகிறது.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மற்ற மனச்சோர்வு மருந்துகளின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. சிலருக்கு இவற்றாலும் வருகிறது, வெண்லாஃபாக்சினாலும் வருகிறது. ஆனால் பெரிய எண்ணிக்கையில் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மனச்சோர்வு இருப்பவர்களுக்கு மாத்திரை இல்லாமலே ஆர்.எல்.எஸ். அதிகம் என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். வேறு மனநோய்களுக்குக் கொடுக்கும் ஒலான்சபின், குவெட்டியாபின், க்ளோசபின், லித்தியம் ஆகியவற்றாலும் வந்ததாகப் பதிவுகள் உள்ளன. புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரை மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்ல பிள்ளை, அது காலை மோசமாக்குவதில்லை. அது டோபமின் பக்கமாக வேலை செய்வதே காரணம் என்று கருதுகிறோம்.

டோபமின் என்றேன், அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வைத்தியத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. அசைவைச் சீராக வைத்திருக்கும் மூளை ரசாயனம் டோபமின். அதை மூளை தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். இரண்டின் அளவும் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, சாயங்காலத்துக்கு மேல் இறங்குகிறது. ராத்திரியில் கால் குடைவதை இதை வைத்துத்தான் விளக்குகிறோம். டோபமினை நேரடியாகத் தடுக்கும் மருந்துகளும், செரட்டோனினை ஏற்றி டோபமினை மறைமுகமாக அடக்கும் மருந்துகளும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்துகளும் இந்த இடத்தில்தான் இடிக்கின்றன. மிர்டாசபினுக்கு அலர்ஜி மருந்தின் குணமும் சேர்ந்தே உண்டு, அதனால்தான் அது தூங்க வைக்கிறது. மற்ற மாத்திரைகளைவிட இது ஏன் இவ்வளவு அதிகமாகக் காலைக் கிளப்புகிறது என்பது இன்னும் முழுதாக விளங்காத கேள்வி.

உங்கள் உறவினர்கள் சொல்லும் சூடு பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் கவனித்தது சரி, மாத்திரைக்கும் காலுக்கும் தொடர்பு இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் சரியில்லை. இந்தத் தொந்தரவு மாத்திரை காலத்து நோய் கிடையாது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். 1945-இல் எக்போம் என்ற ஸ்வீடன் மருத்துவர் இன்றைய பெயரைக் கொடுத்தார். 1953-இல் அதே நாட்டைச் சேர்ந்த நோர்ட்லாண்டர் இரும்பு ஊசி போட்டே பலரைக் குணப்படுத்தினார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதோ மோர் குடிப்பதோ தவறில்லை, காலைப் பிடித்துவிட்டால் கொஞ்ச நேரம் இதமாகவும் இருக்கும். அது போதும் என்று இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரும்பைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பகுதியில் அதிகம் தவறிப்போவது இதுதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உங்கள் அம்மா அந்த வயதைத் தாண்டியவர் என்றாலும், வருடக்கணக்காக வற்றிய இருப்பு மாதவிடாய் நின்ற மறுநாளே நிரம்பிவிடாது. ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆர்.எல்.எஸ்ஸுக்கு அது போதாது. உடம்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடப்பது சாதாரணமாக நடக்கும். லேப் தாளில் 15 அல்லது 20-க்கு மேல் இருந்தாலே நார்மல் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். கால் குடைச்சல் இருப்பவர்களுக்கு 75 வரைக்கும் இருந்தாலும் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற பரிசோதனையும் வேண்டும். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், இது காட்டிக்கொடுத்துவிடும், 20%-க்குக் கீழே என்றால் குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது நல்லது. இரும்பு மாத்திரை ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு நாள் விட்டுக் கொடுங்கள்.

குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோ, வயிறு ஏற்காதவர்களுக்கு ஊசியோ டாக்டர் முடிவு செய்வார். மாத்திரை என்றால் டீ, காபியோடு சேர்க்கக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறு மாதிரி புளிப்போடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் வயிற்றுத் தொல்லையும் குறைவு, சேர்வதும் குறைவதில்லை என்று இப்போது தெரிய வந்திருக்கிறது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ராகிக்களி, கம்மங்கூழ், முருங்கைக்கீரை எல்லாம் அவசியம் சாப்பிடட்டும், ஆனால் காலியான சேமிப்பை அவை மட்டுமே மாதக்கணக்கில் நிரப்பிவிடும் என்று நம்ப வேண்டாம். இன்னொன்றும் முக்கியம். 54 வயதில் இரும்பு குறைந்திருந்தால் எங்கே போகிறது என்று தேட வேண்டும். மூலத்தில் ரத்தம் போகிறதா, மூட்டுவலி மாத்திரையால் வயிற்றில் புண்ணா, செருப்பில்லாமல் காட்டு வேலை செய்து கொக்கிப்புழு ஏறியிருக்கிறதா, குடலில் வேறு ஏதாவதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் எழுதும்போதே கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆர்.எல்.எஸ். அதிகம்.

அடுத்து, வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து ஒரு பையில் போடுங்கள். மனநல மாத்திரை மேலேயே பழி போட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் குற்றவாளியை விட்டுவிடுகிறோம். முதலில் அவில். காலில் ஊறல் என்றதும் அரிப்பு என்று நினைத்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மருந்துகள் ஆர்.எல்.எஸ்ஸை மோசமாக்கும், ப்ரோமெத்தசின், ஹைட்ராக்ஸிசின், சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் எல்லாம் இந்த வகைதான். இனிமேல் அது வேண்டாம். அப்புறம் கேஸ் மாத்திரை. நம் ஊரில் நெஞ்செரிச்சலுக்கு எழுதும் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் ரெபெப்ரசோல், பேன்டோப்ரசோலோடு லெவோசல்பிரைடு என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். அது டோபமினைத் தடுப்பது, அகத்தீசியாவையும் கைநடுக்கத்தையும் கொண்டுவரக்கூடியது. மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். கூட இருக்கும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோ, நெடுநாள் எடுத்தால் இரும்பு சேர்வதையும் குறைக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் ஸ்டெமெட்டில், சின்னரிசின் ஆகியவற்றையும் பாருங்கள். அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று படித்தாலே போதும், புரியாவிட்டால் அப்படியே டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

சரி, மிர்டாசபினை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் மனசு இப்போதுதான் மேலே வந்திருக்கிறது. இந்த நேரத்தில் சட்டென்று விட்டால் குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். அதற்கும் மேலே, சில வாரங்களில் மனச்சோர்வு திரும்பி வருவதற்கான வாய்ப்பு உண்மையானது. ஆனால் ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். தினமும் ஒரு மணி வரைக்கும் தூங்காமல் ஒரு மாதம் போனால் அந்தத் தூக்கக் கேடே மனச்சோர்வைத் திரும்பக் கூட்டிவந்துவிடும். நாளைக்கே போன் பண்ணி “மாத்திரைக்கு அப்புறம் ராத்திரியில் மட்டும் கால் குடைச்சல், நடந்தால் குறைகிறது, பகலில் இல்லை” என்று சொல்லி முன்கூட்டியே நேரம் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும், பெரும்பாலான மனநல மருத்துவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அங்கே முடியவில்லை என்றால் கோயம்புத்தூர், பெருந்துறை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டுகளை எடுத்துக்கொண்டு நேராகப் போகலாம்.

டாக்டர் என்ன செய்யக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் உங்களுக்குப் பேச எளிதாக இருக்கும். மிர்டாசபினை மெல்லக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றுவது ஒரு வழி. புப்ரோபியான் காலுக்கு நல்லது, ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது, பதட்டமும் தூக்கமின்மையும் அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் கொஞ்சம் படுத்தும். தூக்கமும் பசியும்தான் அம்மாவின் பெரிய பிரச்சினையாக இருந்தது என்றால், மிர்டாசபினை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் நியாயம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க டாக்டர் யோசிக்கலாம். அப்போது அதை வைத்துக்கொண்டே இரும்பைச் சரி செய்து, ராத்திரிக்குக் குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டினோ ப்ரீகாபலினோ சேர்ப்பது இன்னொரு வழி. தலைசுற்றல், கால் வீக்கம் வரலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கான ப்ரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகளை ஒரு காலத்தில் இதற்கு முதல் மருந்தாகக் கொடுத்தோம். முதலில் அற்புதமாக வேலை செய்யும், வருடங்கள் போகப் போகக் குடைச்சல் சாயங்காலத்திலிருந்து மத்தியானத்துக்கு நகர்ந்து கைக்கும் ஏறிவிடும். சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாத செலவு போன்ற ஆவேசங்கள் வரும், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு நோயையே கிளப்பிவிடும். அதனால் இப்போது அவற்றை முதலில் தொடுவதில்லை. குளோனாசெபாம் கொடுத்தால் தூக்கம் வரும், ஆனால் காலுக்கு அது என்ன செய்கிறது என்பதற்குச் சான்று பலவீனம். வயதானவர்கள் ராத்திரி எழும்போது விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. மெக்னீசியம் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், உறுதியாக உதவும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

அதுவரைக்கும் ராத்திரியை ஓட்ட வேண்டுமே. சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுப்பதற்கு முன் வெந்நீரில் காலைக் கழுவி, கெண்டைக்கால் சதையை நீட்டி, பத்து நிமிடம் பிடித்துவிடுங்கள். எழுந்து நடக்கிறார் என்றால் தடுக்காதீர்கள், “படுங்கம்மா” என்று அதட்டுவது அவருக்குக் கூடுதல் வேதனை. மனசு எதிலாவது ஈடுபட்டிருந்தால் குடைச்சல் அடங்கும். பூக்கட்டுவது, பல்லாங்குழி, பேத்தியோடு கதை, எதுவாக இருந்தாலும் சரி. ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்கள் அம்மாயிக்கு ராத்திரியானால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்லும் பழக்கம் இருந்ததா? இந்தத் தொந்தரவு குடும்பத்தில் ஓடுவது. பெங்களூரில் நகர மக்களிடம் எடுத்த ஒரு கணக்கில் சுமார் 2% பேருக்கு இருந்தது. முன்பே லேசாக இருந்து, மாத்திரையால் வெளியே வந்திருக்கலாம். அது தெரிந்தால் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மாறும்.

ஒரு நிலையில் மட்டும் போன் பண்ணி நேரம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பகலிலும் தவிப்பு, ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை, “இதுக்கு இல்லாமப் போயிட்டாத் தேவலை” என்கிற மாதிரி பேச்சு வந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அகத்தீசியாவின் தவிப்பு தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதுண்டு. நல்ல மனநிலையில் இருந்தவருக்கும் வரும், அதனால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள், மருந்தை மாற்றினால் அடங்கும். அவரைத் தனியாக விடாதீர்கள், தோட்டத்து மருந்துப் புட்டிகளைப் பூட்டி வையுங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மருந்தை மாற்றியபின் என்ன எதிர்பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மாத்திரைதான் காரணம் என்றால், அது உடம்பை விட்டுப் போன சில நாட்களில் இருந்து ஓரிரு வாரத்துக்குள் கால் அடங்கிவிடும். இரும்பு மாத்திரைக்கு அவ்வளவு வேகம் இல்லை, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், மூன்றாம் மாதம் ஃபெரிட்டினைத் திரும்பப் பார்க்க வேண்டும். மாத்திரை போன ஒரு மாதத்துக்குப் பிறகும், இரும்பு ஏறிய பிறகும் குடைச்சல் அப்படியே இருந்தால், அது மாத்திரையால் வந்தது இல்லை, அம்மாவோடு ஏற்கனவே இருந்தது என்று வைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் எண்ணையும், வீட்டில் உள்ள மற்ற மாத்திரைகளின் பெயரையும் இங்கேயே எழுதுங்கள், டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.